ஒரே டிக்கெட் வந்துவிட்டது, ஒரே கட்டணம் எப்போது?

குன்றத்தூரில் இருக்கும் ஒரு குடும்பம் பெருநாள் துணி எடுக்க மண்ணடிக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வடபழனி வரை பஸ். அங்கிருந்து மெட்ரோவில் சென்ட்ரல். அங்கே வேறு ரயில் மாறினால் மண்ணடி. பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை தேட வேண்டும், மெட்ரோ கவுண்டரில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். கூடவே கைக்குழந்தையும் வயதான உம்மாவும் இருந்தால், 'ஆட்டோவிலேயே போய்விடலாம்' என்றுதான் நம்மில் பலர் முடிவெடுக்கிறோம்.

இந்த அலைச்சலைக் குறைக்க இரண்டு ஏற்பாடுகள் வந்திருக்கின்றன. 2023 ஏப்ரலில் மெட்ரோவில் அறிமுகமான சிங்காரச் சென்னை கார்டு, 2025 ஜனவரியில் மாநகரப் பஸ்களுக்கும் வந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று 'சென்னை ஒன்' செயலி தொடங்கப்பட்டது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூ.ஆர். டிக்கெட்டை இதில் எடுக்கலாம்; ஆட்டோ, டாக்சியும் பிடிக்கலாம்.

இரண்டில் எது நமக்கு ஏற்றது? செல்போனும் கையுமாக இருக்கும் பிள்ளைகளுக்குச் செயலி போதும். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் பலரிடம் இன்னும் பட்டன் போன்தான். அவர்களுக்குக் கார்டே நல்லது. பணம் கார்டின் சிப்பிலேயே இருப்பதால் போனும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். கருவியில் தொட்டால் கட்டணம் கழிந்துவிடும். 2,000 ரூபாய் வரை ஏற்றி வைக்கலாம். தொலைந்தால் அந்தப் பணமும் போகும் என்பதால் தேவைக்கு மேல் ஏற்றாமல் இருப்பதே நல்லது. சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் பயணம் இலவசம். அங்கே கார்டுக்கே வேலையில்லை.

இனிதான் முக்கியமான விஷயம். டிக்கெட் ஒன்றானதே தவிர, கட்டணம் ஒன்றாகவில்லை. பஸ்ஸுக்குத் தனியாக, மெட்ரோவுக்குத் தனியாக, ஒவ்வொன்றின் குறைந்தபட்சக் கட்டணத்தில் இருந்தே கணக்கு தொடங்குகிறது. மாறி ஏறுகிறவருக்குத் தொந்தரவு குறைந்திருக்கிறது, செலவு குறையவில்லை.

நம் சொந்தபந்தங்கள் பலர் இருக்கும் சிங்கப்பூரில் 2010 ஜூலையிலேயே இதை மாற்றிவிட்டார்கள். பஸ்ஸில் இறங்கி 45 நிமிடத்துக்குள் ரயில் ஏறினால் அது புதிய பயணமில்லை. மொத்த தூரத்துக்கு ஒரே கட்டணம்தான். லண்டனில் முதல் பஸ்ஸில் கார்டைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்த பஸ்களுக்குக் கட்டணமே கிடையாது. பஸ் நேராகப் போகாத ஊரில் இருப்பது பயணியின் குற்றமில்லை என்ற நியாயம்தான் இதில் இருக்கிறது.

சென்னையில் இதைச் செய்யப் பஸ், மெட்ரோ, ரயில்வே மூன்றும் வரவைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்புக்கொள்ள வேண்டும். ரயில்வே மத்திய அரசிடம், பஸ் மாநில அரசிடம், மெட்ரோ இருவருக்கும் கூட்டு. செயலியைக் கொண்டுவந்த 'கும்டா' என்ற போக்குவரத்துக் குழுமத்தின் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. வார்டு கூட்டங்களில், ஜமாஅத் சார்பில் கொடுக்கும் மனுக்களில், நாமும் இதைக் கேட்கலாம்.