'ஹெவி' பிறந்த கதை

"ஏந் தம்பி, ஹெவி எடுத்தாச்சா?"

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்து லாரிப் பட்டறைகளில் இந்தக் கேள்வி சர்வ சாதாரணம். "எடுத்தாச்சுங்க" என்று பதில் வந்தால் பையனுக்கு வேலை உண்டு. பெரிய லாரி ஓட்டும் லைசென்ஸுக்குக் கொங்கு நாட்டில் 'ஹெவி' என்றே பெயர்.

'ஹெவி' என்றால் கனமான என்று அர்த்தம். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தை பிறந்த விதம் சுவையானது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஆங்கிலத்தில் அது 'ஹெஃபிக்'. பாரத்தை மூச்சுப் பிடித்துத் தூக்குவதை ஆங்கிலத்தில் 'ஹீவ்' என்பார்கள். அந்தச் சொல்லின் குடும்பம்தான் 'ஹெவி'யும்.

தமிழும் அதே வழியில்தான் போயிருக்கிறது! 'எடு' என்பதிலிருந்து 'எடை' வந்தது. 'தூக்கு' என்றால் உயர்த்து என்றும் பொருள். நிறுத்துப் பார் என்றும் பொருள். இரண்டு பாஷைக்கும் உறவு கிடையாது. கைதான் இருவருக்கும் முதல் தராசு போலும். ஆக, 'ஹெவி எடுத்தாச்சா' என்பதில் இரண்டு சொல்லுமே தூக்குகிற சொல்!

எதிர்ச்சொல்லான 'லைட்'டுக்கோ வடமொழியில் உடன்பிறப்பு உண்டு. அது 'லகு'. (விளக்கைச் சொல்லும் 'லைட்' வேறு.) 'குரு' என்றால் வடமொழியில் கனமானது, ஆசிரியர் என்பது அதன் வழி வந்த பொருள். தமிழிலும் பாரத்துக்கு மரியாதை குறைவில்லை. பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம் 1952 முதல் 1962 வரை சென்னை ராஜ்ய மந்திரியாக இருந்தபோது பத்திரிகைகள் அவரைக் 'கனம்' போட்டே எழுதின. 1967-ல் ஆட்சி மாறிய பின் 'மாண்புமிகு' வந்தது.

பட்டறையில் பேசப்படும் கனம் எவ்வளவு? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டியும் சரக்கும் சேர்ந்து 12,000 கிலோவைத் தாண்டினால் அது 'ஹெவி'. 7,500 கிலோ வரை 'லைட்'. 1994-ல் சட்டம் திருத்தப்பட்டு, லைசென்ஸில் 'ஹெவி' என்ற தனி வகை போய், 'போக்குவரத்து வாகனம்' என்ற பொது வகை வந்தது. டிரைவர்கள் வாயிலிருந்து மட்டும் போகவில்லை.

வந்தது வில்லங்கம். லைட் லைசென்ஸ் வைத்திருப்பவர் சின்ன சரக்கு வண்டி ஓட்டலாமா, கூடாதா? விபத்து நேர்ந்தால், 'தகுந்த லைசென்ஸ் இல்லை' என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நஷ்டஈடு கொடுக்க மறுத்தன. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2024 நவம்பர் 6 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புக் கூறினர்: 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு லைட் லைசென்ஸே போதும்.

அதற்கு மேலே உள்ள வண்டிக்குப் பழைய நிபந்தனைதான். லைட் எடுத்து ஓராண்டு கழிய வேண்டும். அதன் பிறகே பையன் பெரிய வண்டிக்குப் பழகுநர் லைசென்ஸ் கேட்க முடியும்.