அறுபதாம் கல்யாணம்... அப்படியே ஒரு சாப்பாட்டுச் சுற்றுலா!

அறுபது பூர்த்தியாகிறதா? முதலில் என் வாழ்த்துகள்!

1965 ஏப்ரல் பாதியிலிருந்து 1966 ஏப்ரல் பாதிவரை பிறந்தவர்களுக்கு விசுவாவசு வருஷம். அறுபது தமிழ் வருஷங்களும் ஒரு சுற்று முடிந்து, அதே விசுவாவசு 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. பிறந்த வருஷத்தின் பெயரை இரண்டாம் தடவை பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் சஷ்டியப்த பூர்த்தி செய்துகொள்கிறார்கள். மார்க்கண்டேயருக்காக எமனையே சிவபெருமான் உதைத்த தலம் என்பதால் திருக்கடையூரில் போய் மறுபடி மாலை மாற்றிக்கொள்கிறார்கள். இப்போது இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. “இவ்வளவு தூரம் வந்தாச்சு... அப்படியே கும்பகோணம், மதுரை, திருநெல்வேலின்னு ஒரு ரவுண்டு சாப்பிட்டுட்டு வந்துடலாம்ப்பா” என்று பிள்ளைகள் காரைத் திருப்பிவிடுகிறார்கள்.

தாராளமாகப் போய் வாருங்கள். வைத்தியர் என்றால் ‘அதைத் தொடாதே, இதைத் தின்னாதே’ என்றுதான் சொல்வார் என்று பயப்பட வேண்டாம். நம் ஊர்களின் பலகாரங்களில் பாதிக்கு நானும் ரசிகன்தான். ஆனால் அறுபது வயது வயிறு, இருபது வயது வயிறு இல்லை. அதிலும் சர்க்கரை, பி.பி. இருக்கிற வீடாக இருந்தால் கிளம்புவதற்கு முன் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

சித்த மருத்துவம் மனித ஆயுளை மூன்று பங்காக்கி, முதல் பங்கை வாதத்துக்கும், நடுப்பங்கைப் பித்தத்துக்கும், கடைசிப் பங்கைக் கபத்துக்கும் கொடுக்கிறது. (ஆயுர்வேதத்தில் இது அப்படியே தலைகீழ்! முதலில் கபம், கடைசியில் வாதம். இரண்டு பேரையும் ஒரே நாளில் கேட்டுக் குழம்பாதீர்கள்.) அறுபது என்பது பித்தம் இறங்கிக் கபம் ஏறுகிற சந்தி. ஜீரண நெருப்பு கொஞ்சம் மந்தப்படும். நேற்றுவரை செரித்த அதே பரோட்டா இன்றைக்கு நெஞ்சுவரை வந்து நிற்பது இதனால்தான்.

சென்னையிலிருந்து கிளம்புகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சுமார் 230 கிலோமீட்டரில் சிதம்பரம். இங்கே சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும் கட்டாயம் சாப்பிடுங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்திலேயே வயிற்றுக்கு ஒத்த சாப்பாடு இதுதான். மிளகும் சீரகமும் பொடித்து, நெய் விட்டுக் கிளறிய சாதம். மிளகு கபத்தை அறுக்கும், சீரகம் அகத்தைச் சீர் செய்யும். நெய்யை மட்டும் அளவாகக் கேளுங்கள்.

திருக்கடையூரில் காலை ஹோமம்

பலரும் கவனிக்காமல் விடுகிற இடம் இதுதான். ஹோமம், கலச பூஜை, அபிஷேகம், மாங்கல்ய தாரணம் எல்லாம் முடியச் சில நேரம் பதினோரு மணி, பன்னிரண்டு மணி ஆகிவிடும். ‘முடியறவரைக்கும் பச்சைத் தண்ணிகூட வேண்டாம்’ என்று தம்பதியர் விரதம் இருப்பார்கள். ஆனால் தினமும் போடும் சர்க்கரை மாத்திரையைப் பழக்கதோஷத்தில் காலையிலேயே போட்டுவிடுவார்கள்.

இதைப்போல ஆபத்து வேறில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்த்து வேலை செய்வதில்லை. வயிறு காலியாக இருந்தாலும் ரத்தத்தில் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். (மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் குறைவு.) வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். ஹோமகுண்டத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வியர்த்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ‘அனல்ல உட்கார்ந்திருக்கார், வியர்க்கத்தானே செய்யும்’ என்று விட்டுவிடுவார்கள். கவனம்!

அப்படி ஆனால் என்ன தருவது? மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பாடு கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறிவிடும். உடனே 108-க்கு போன் செய்யுங்கள். இன்னொன்று: கையில் அல்வா இருக்கிறது, பால்கோவா இருக்கிறது என்று அதை ஊட்டாதீர்கள். இனிப்புதானே என்று தோன்றும். ஆனால் அதிலுள்ள நெய்யும் பாலின் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்துக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான் மருந்து.

ஆகவே போகிறதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் டாக்டரிடம், “அன்னிக்குச் சாப்பிடப் பகல் ஆயிடும், மாத்திரையை எப்படிப் போடறது?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாஸ்திரிகளிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். பால், பழம் சாப்பிட்டுக்கொள்ள அவர்களே வழி சொல்வார்கள். உடம்பு முடியாதவர்களுக்கு எந்த சாஸ்திரமும் இவ்வளவு கண்டிப்பாக இல்லை.

அபிஷேகம் முடிந்ததும் ஈரப் பட்டுப்புடவையோடும் ஈர வேஷ்டியோடும் கற்தரையில் நடப்பார்கள். ஒரு கை பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருக்கட்டும். இந்த வயதில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் கொண்டாட்டம் அத்தோடு முடிந்தது. ஆஸ்துமா உள்ளவர் புகை வராத பக்கமாக உட்காருங்கள். இன்ஹேலர் மடியில் இருக்கட்டும்.

அம்மாவின் மாத்திரை

ஒரு சின்ன வேண்டுகோள். இந்த மாதிரிப் பயணங்களில் அப்பாவின் மாத்திரை டப்பா, பேரனின் இருமல் மருந்து, மருமகளுக்கு ஓமத்திரவம் என்று எல்லாம் அம்மாவின் பையில் இருக்கும். அவருடைய தைராய்டு மாத்திரை மட்டும் வீட்டு அலமாரியில் இருக்கும்! போதாததற்கு, ‘வழியில பாத்ரூம் எப்படி இருக்குமோ’ என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதையும் நிறுத்திவிடுவார். இது கூடவே கூடாது. பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம் உள்ளிட்ட பதினான்கு வேகங்களை அடக்கக் கூடாது என்பது சித்தர்கள் வகுத்தது. அடக்கிய சிறுநீர் நீர்க்கடுப்பிலும் கிருமித் தொற்றிலும் கொண்டுபோய் விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துங்கள். எல்லோரும் இறங்கி ஐந்து நிமிஷம் நடங்கள். ஒரேயடியாக உட்கார்ந்தே போனால் கெண்டைக்காலில் ரத்தம் உறைகிற அபாயமும் உண்டு. ஊர் திரும்பிய பிறகும் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

கும்பகோணத்தில் காலை இட்லிக்கு கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய் அரைத்து விட்டது. உரைப்பு குறைவு, வயிற்றை உறுத்தாது. டிகிரி காபியும் உண்டு. இப்போது நெடுஞ்சாலை முழுக்க ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டுதான். பித்தளை டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் குடித்தால் நாளைக்கு எட்டு காபி ஆகிவிடும்! இரண்டு போதும். மாலை நான்கு மணிக்கு மேல் வேண்டாம், ராத்தூக்கம் போய்விடும்.

திருச்சியிலிருந்து மணப்பாறை வழியாகப் போனால் முறுக்கு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. எண்ணெயில் இரண்டு தடவை வெந்து வருவது. காரில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கொறிக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு சாப்பிடச் சொல்கிறது. ஹோட்டல் சாம்பார், ஊறுகாய், அப்பளத்திலேயே அது முடிந்துவிடும்.

மதுரையில் ஜிகர்தண்டா. பாதாம் பிசினும் நன்னாரியும் உஷ்ணத்தைத் தணிப்பவை, சந்தேகமில்லை. ஆனால் அதன் மேல் சுண்டிய பாலும் ஐஸ்க்ரீமும் சர்க்கரையும் அல்லவா ஏறி உட்கார்ந்திருக்கின்றன! சளித் தொந்தரவு உள்ளவர், சர்க்கரைக்காரர் இரண்டு பேரும் ஒரு டம்ளரை நான்கு பேராகப் பங்கு போடுங்கள். பகல் வெயிலில் குடியுங்கள், ராத்திரி பத்து மணிக்கு வேண்டாம்.

மதிய விருந்துக்குப் பிறகு வண்டி ஓட்டுகிறவரைக் கவனியுங்கள். பகலில் தூங்காதே என்றார் தேரையர். அவர் காலத்தில் காலுக்குக் கீழே ஆக்ஸிலேட்டர் இல்லை! இரண்டு மணிக்கு மேல் கண் சொக்கினால் நிழலில் ஓரங்கட்டி இருபது நிமிஷம் தூங்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள். நான் தேரையரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மோரில் தண்ணீர் நிறைய விட்டு, தண்ணீரைக் காய்ச்சி, நெய்யை உருக்கி உபயோகிக்கச் சொன்னவரும் அவரே. அந்த மூன்றையும் ஹோட்டலிலும் கடைப்பிடிக்கலாம். ஒரு ஃபிளாஸ்க்கில் சீரக வெந்நீர் எப்போதும் இருக்கட்டும். மந்தம் தட்டினால் சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், ஏலம் சேர்ந்த பஞ்ச தீபாக்கினி சூரணம் அரை டீஸ்பூன் போதும். அதில் சர்க்கரை சேர்ப்பது வழக்கம். சர்க்கரைக்காரர்கள் டப்பாவைப் படித்து வாங்குங்கள். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு இந்தச் சூரணம் எரிச்சலைக் கூட்டும், தவிர்த்துவிடுங்கள்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். விருந்து சாப்பிட்ட பிறகு நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடை வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்கல்... இவை வந்தால் ‘கேஸ் ட்ரபிள்’ என்று ஓமவாட்டரும் சோடாவும் தேடாதீர்கள். என் சூரணமும் வேண்டாம்! உடனே 108. மாரடைப்பு பல நேரம் வாயுத் தொல்லை மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் களைப்பும் வியர்வையுமாகக்கூட வரலாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், அந்த நேரத்தில் பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிதான் சரி.

இன்சுலின் போடுகிறவர்கள் அதை டேஷ்போர்டில் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய கார் அடுப்பு மாதிரி. ஐஸோடு ஒட்டி உறையவும் விடக் கூடாது. ஈரத்துணி சுற்றிய டப்பாவிலோ குளிர்ப்பையிலோ வைத்து, இறங்கும் இடமெல்லாம் கையோடு எடுத்துப் போங்கள்.

கடைசியில் தென்பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா (2019-ல் புவிசார் குறியீடு), கோவில்பட்டி கடலைமிட்டாய் (2020), பிறகு திருநெல்வேலி. நான் பாளையங்கோட்டையில் படித்தவன், அல்வாவைப் பற்றி நியாயமாகப் பேசமாட்டேன்! சாயங்காலம் சுடச்சுட இலைத்துண்டில் வாங்கி, நின்றுகொண்டே சாப்பிடும் அந்த ஐம்பது கிராமில்தான் ருசி. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் சாதத்தைக் குறைத்து இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டால் சர்க்கரைக்காரர்கூட அந்த ஐம்பது கிராமைச் சாப்பிடலாம், சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறவராக இருந்தால். மூன்று ஊர் இனிப்பையும் ஒரே நாளில் ருசி பார்க்க வேண்டாம். கடலைமிட்டாய் ஒன்று, மத்தியானப் பசிக்கு நல்லது.

வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களுக்கு: அல்வாவும் கடலைமிட்டாயும் சில நாள் தாங்கும். பால்கோவா பால் பண்டம். காரின் டிக்கியில் வெயிலில் வைத்தால் புளித்துவிடும். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டால், அது பேரன் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும்.