சின்னத்திரைச் சண்டையும் சின்னப் பிள்ளைகளும்

லயத்துக் காம்பராவில் டீ.வி. ஒன்றுதான். பெரியவர்கள் பார்க்கும் சண்டைப் படத்தையே பிள்ளைகளும் பார்க்கிறார்கள். மறுநாள் அண்ணன் தம்பியை எட்டி உதைக்கிறான். "இதையெல்லாம் எங்கே படிச்சான்?" என்று நாம் கேட்கிறோம்.

அமெரிக்க உளவியலாளர் அல்பர்ட் பண்டுராவும் குழுவினரும் 1963இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைக்கும் படத்தைப் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். பிறகு அதேபோன்ற பொம்மையைக் கொடுத்தார்கள். படம் பார்த்த பிள்ளைகள் பார்க்காதவர்களைவிட அதிகமாக அடித்தார்கள். படத்தில் கண்டபடியே அடித்தார்கள்.

1965இல் வெளிவந்த ஆய்வில், அடித்தவர் தண்டனை பெறுவதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் "செய்து காட்டினால் பரிசு" என்றதும் அவர்களும் செய்து காட்டினார்கள். அதாவது, வெளியே காட்டாவிட்டாலும் பாடம் மனதில் பதிந்துவிடுகிறது. நம் படங்களில் கதாநாயகன் அடித்தால் கைதட்டல்தானே கிடைக்கிறது!

கனடாவில் 1973 வரை டீ.வி. எட்டாத ஒரு சிற்றூர் இருந்தது. டீ.வி. வந்து இரண்டு வருடங்களில் அங்கே பிள்ளைகள் விளையாட்டில் அடிப்பதும் ஏசுவதும் கூடியிருந்தன.

டீ.வி. மட்டுமே காரணமல்ல. வீட்டில் குடித்துவிட்டுப் போடும் சண்டையும் பிள்ளைக்குப் பாடந்தான். தம்பியை அடித்த பிள்ளையை நாமும் அடித்தால், "பெரியவன் சின்னவனை அடிக்கலாம்" என்றே அது விளங்கிக்கொள்ளும்.

ஒரே காம்பராவில் பிள்ளையை வேறிடம் அனுப்ப முடியாதுதான். ஆனாலும் இவற்றைச் செய்யலாம்:

1. சண்டைப் படத்தைப் பிள்ளைகள் தூங்கிய பின் போடுங்கள்.

2. பார்க்க நேர்ந்தால் பக்கத்தில் இருந்து, "இது நடிப்பு, நெசமா அடிச்சா வலிக்கும், இரத்தம் வரும்" என்று சொல்லுங்கள்.

3. 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் திரைக்கு முன் நாளொன்றுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. கைத்தொலைபேசிக்கும் இதே கணக்குத்தான்.

4. பிள்ளை அடித்தால் கையைப் பிடித்து நிறுத்தி, கோபத்தை வாயால் சொல்லப் பழக்குங்கள். சொன்னால் பாராட்டுங்கள்.

இரவில் அடிக்கடி பயந்து எழும், ஓயாமல் மற்றவரை அடிக்கும் பிள்ளையைப் பற்றிச் சிறுவர் அபிவிருத்தி நிலையப் பொறுப்பாளரிடம் பேசுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. அடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அணைக்கவும் கற்றுக்கொடுக்கலாம். அதை முதலில் நம் கைகள்தான் காட்ட வேண்டும்.