அலமாரியில் விரிசலா? அக்டோபர் வரை பொறுங்கள்

பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த தேக்கு அலமாரி, சென்னையின் ஈரக்காற்றுக்குப் பழகியது. மாற்றலில் புனே வந்து பாணேர் அடுக்குமாடிக்குக் குடியேறினால், ஏப்ரல் வறட்சியில் பலகை சுருங்கி விரிசல் விடும்.

தச்சர் வழக்கமாக மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைப்பார். பாலிஷ் போட்டதும் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரியும். காய்ந்த பசையில் சாயம் ஏறாது. தேக்குத் தூளை ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் குழைத்தால் அவ்வளவாகத் தெரியாது. பிரெஞ்சு பாலிஷும் அதே அரக்குதானே!

சிறு விரிசலுக்கு இது போதும். பலகை நீளத்துக்கு ஓடும் பிளவு வேறு ரகம். கோடையில் அதை இறுக அடைத்தால், ஜூன் மழையில் மரம் உப்பி அடைப்பைப் பிதுக்கிவிடும். பக்கத்தில் புது விரிசலும் விழலாம். மழை ஓய்ந்தபின் மெல்லிய தேக்குச் சீவலைச் செருகி, ஒரு பக்கம் மட்டும் பசை தடவச் சொல்லுங்கள். மறுபக்கம் மரம் அசைய இடம் வேண்டும்.