ஊர்காண் நடை

மக்கள் நடக்கும் நடை பல வகைப்படும். உழவர் வயலுக்கும், வணிகர் சந்தைக்கும், மாணவர் பள்ளிக்கும் செல்வது தொழில் பற்றிய நடை. தைப்பூசத்திற்கு வடலூரை நோக்கியும் பழனியை நோக்கியும் கூட்டங் கூட்டமாகச் செல்வது வழிபாடு பற்றிய நடை. மருத்துவர் பணித்தார் என்று விடியற்காலையில் கைவீசி விரைவது உடல்நலம் பற்றிய நடை. இம்மூன்றிலும் அடங்காத வேறொரு நடையும் உண்டு. ஓரூரில் வாழும் சிலர் நாள் குறித்து ஒன்றுகூடித் தம் ஊரைச் சூழ்ந்துள்ள வயலையும் ஆற்றையும், குன்றையும் காட்டையும், பழைய கோயிலையும் சிதைந்த கோட்டையையும் கண்டறியும் பொருட்டே நடப்பது அது. அதனை ஊர்காண் நடை என்று இப்பாடத்தில் வழங்குவோம்.

நைல் ஆறு எந்நாட்டில் கடலோடு கலக்கிறது என்று வினவினால் மாணவர் பலர் உடனே விடை கூறுவர். கெடிலம் எவ்வூரில் வடக்கு நோக்கித் திரும்புகிறது என்று வினவினால், அதன் கரையிலேயே வாழும் கடலூர் மாணவரும் சிறிது தயங்குவர். இது மாணவர் குற்றம் அன்று. பேருந்தின் சாளரத்தின் வழியே ஆறு ஒரு நொடிப் பொழுதில் மறைந்துவிடுகிறது. ஆற்றை அறிய வேண்டுமாயின் அதன் கரைவழியே நடத்தல் வேண்டும்.

தனியே நடந்தால் ஆகாதோ என்று கேட்கலாம். ஆகும். ஆயினும் ஒருவர் கண்ணுக்குப் புலனாவது மற்றொருவர் கண்ணுக்குப் புலனாவதில்லை. உழவர் மண்ணின் நிறத்தைப் பார்த்தவுடன் அங்கு முந்திரி விளையுமா, நெல் விளையுமா என்று சொல்லிவிடுவார். தமிழாசிரியர் கோயிற் சுவரில் உள்ள எழுத்தை நோக்குவார். மீனவர் காற்றின் போக்கை அறிவார். பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் ஒவ்வொருவருக்கும் இருபது கண்கள் கிடைத்துவிடுகின்றன.

கூடி நடத்தல் தமிழருக்குப் புதிது அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தர் கூட்டம் ஒன்று செங்கண்மாத்து வேள் நன்னனைக் காணச் செல்லும் வழியைக் கூறும் நூலாகும். 583 அடிகளால் அமைந்த அதனை இயற்றியவர் பெருங்கௌசிகனார். பரிசில் பெறச் செல்வோரின் நடையே ஆயினும், அவர்கள் வழியில் எவற்றைக் காண்பர், எவற்றிற்கு அஞ்சவேண்டும், எங்கே உணவு பெறலாம் என்பவற்றைப் புலவர் ஒன்று விடாமல் எடுத்துரைக்கிறார். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், பாசி படர்ந்து வழுக்கும் பாறை ஆகிய அனைத்தும் அங்கே கூறப்படுகின்றன. வழியில் நடுகற்களைக் கண்டால் வணங்கிச் செல்லுமாறும் அறிவுறுத்துகிறார். இவற்றினும் என்னைக் கவர்ந்தது வேறொரு குறிப்பு. வழிகள் கூடும் இடத்தில் தரையைத் துடைத்துப் புல்லை முடிந்து வையுங்கள். பின்னே வருவோர் வழி தப்பாமல் அறிந்துகொள்வர் என்கிறார் புலவர். இக்காலத்தில் மலைவழிகளில் பாறைமேல் வண்ணத்தால் அம்புக்குறி இடுகின்றனர். புல் முடிச்சு மழை பெய்ததும் மறைந்துவிடும். வண்ணமோ பல ஆண்டுகள் அழியாது பாறையைக் கெடுத்து நிற்கும். எனக்குப் புலவர் கூறிய முறையே பிடித்திருக்கிறது.

மேலைநாட்டில் இந்நடை ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. இங்கிலாந்தில் ஆலைத் தொழில் பெருகியபோது நகரங்கள் புகையால் சூழப்பட்டன. வாரம் ஆறு நாளும் ஆலையில் உழைத்தவர்கள் ஏழாம் நாளில் நல்ல காற்றை நாடி நாட்டுப்புறம் சென்றனர். அங்கோ, பழைய நடைபாதைகளை நிலவுடைமையாளர் வேலியிட்டு அடைத்து வந்தனர். இதனைத் தடுக்கும் பொருட்டு மான்செஸ்டர் நகரில் 1826ஆம் ஆண்டிலேயே பழம்பாதைகளைக் காக்கும் கழகம் ஒன்று தோன்றியது. ஆயினும் மேட்டுநிலங்கள் பல, வேட்டைப் பறவைகளை வளர்க்கும் பொருட்டு மக்களுக்கு மூடப்பட்டே கிடந்தன. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், பென்னி ராத்மன் என்னும் இருபது வயது இளைஞர் முதலானோர் வழிகாட்ட, தொழிலாளர் சில நூற்றுவர் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி ஏறினர். காவற்காரருடன் கைகலப்பு நேர்ந்தது. ஐவர் சிறை சென்றனர். நடந்ததற்காகச் சிறையா என்று நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. 1935இல் நடையர் கழகங்கள் பல ஒன்றிணைந்து நாடு தழுவிய சங்கம் ஆயின. 1949இல் தேசியப் பூங்காக்களையும் நாட்டுப்புறப் பாதைகளையும் பற்றிய சட்டம் நிறைவேறியது. கிண்டர் ஸ்கவுட் அமைந்த பகுதியே 1951இல் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. மேட்டுநிலங்களில் தடையின்றி உலவும் உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மதுரைக்கு அருகே, படுத்திருக்கும் யானையைப் போலத் தோன்றும் பெரும்பாறை ஒன்று உண்டு. யானைமலை என்பது அதன் பெயர். அதன் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமானுக்கு அமைந்த குடைவரைக் கோயில், பாண்டியரின் அமைச்சர் மாறன்காரியால் எட்டாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டது. மலைமேல் சமண முனிவர் தங்கிய கற்படுக்கைகள் உள்ளன. 2010ஆம் ஆண்டில் இம்மலையைச் சிற்ப நகரமாக மாற்றும் திட்டம் ஒன்று எழுந்தது. சுற்றியுள்ள ஊர்மக்கள் அதனை எதிர்த்தனர். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் அதுபற்றி எழுதினார். நண்பர்களுடன் அம்மலைக்குச் சென்றார். அதிலிருந்து தோன்றியதே ‘பசுமை நடை’ என்னும் அமைப்பு.

பசுமை நடையின் முறை எளியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஓரிடத்தில் கூடுவர். ஆசிரியர், மாணவர், வணிகர், குழந்தைகளுடன் வரும் பெற்றோர் என எல்லாரும் வருவர். குன்றேறி, கல்வெட்டின் முன்னும் சிற்பத்தின் முன்னும் தரையில் அமர்வர். சொ. சாந்தலிங்கம் போன்ற தொல்லியல் அறிஞர்கள் அவ்விடத்தின் வரலாற்றை எடுத்துரைப்பர். அதன் சுருக்கம் அச்சிட்ட தாளாகவும் வழங்கப்படும். பின்னர் மரநிழலில் எல்லாரும் சேர்ந்து காலையுணவு உண்டு கலைவர். மீனாட்சியம்மன் கோயிலையே மதுரை என்று எண்ணியிருந்த நகரத்தார் பலர், தம் ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த தமிழ் எழுத்துகள் இருப்பதை இந்நடைகளில்தான் முதன்முதலாகக் கண்டனர். மாங்குளம் குன்றில் உள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சீவெல் என்பார் கண்டறிந்தார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் அவற்றில் காணப்படுகிறது. ஏட்டில் மட்டும் அறிந்த பெயரைப் பாறையில் காணும்போது எழும் உணர்ச்சியை வகுப்பறையில் ஊட்ட இயலாது. நாற்பதாண்டு வகுப்பறையில் நின்றவன் யான் இதனைச் சொல்கிறேன்.

மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பல கல்லுக்காக வெட்டப்பட்டு மறைந்துவிட்டன. மக்கள் சென்று காணாத குன்று, விலைமதிப்புள்ள வெறும் கல்லாகவே கணக்கில் நிற்கும். மேலூருக்கு அருகே உள்ள அரிட்டாபட்டிப் பகுதி, 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அவ்வூரும் உள்ளடங்கிய பகுதியில் டங்ஸ்டன் என்னும் உலோகத்தைத் தோண்டுவதற்கு 2024 நவம்பரில் ஏலம் முடிவாயிற்று. ஊர்மக்கள் பெருந்திரளாக எதிர்த்து நின்றனர். 2025 ஜனவரியில் அந்த ஏலம் நீக்கப்பட்டது. இதனை நடையர் கூட்டமே சாதித்தது என்று கூறுவது மிகையாகும். தம் நிலத்தைக் காத்தவர் அவ்வூர் உழவரே. ஆனால் அக்குன்றுகளின் பெயரையும் பெருமையையும் வெளியூராரும் முன்பே அறிந்திருந்தனர் என்பதில், ஆண்டுக்கணக்காக அங்கே நடந்து சென்றோருக்கும் ஒரு பங்கு உண்டு.

இத்தகைய நடையை ஒரு பள்ளியோ, ஊர் நூலகமோ, நண்பர் சிலரோ தொடங்கலாம். பெருஞ்செலவு இல்லை. வழியை முன்னரே ஒருவர் நடந்து பார்த்து வரவேண்டும் என்பது முதல் விதி. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதையும் ஒற்றையடிப்பாதையும் கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கும். வரைபடத்தில் உள்ள பாதை நிலத்தில் இல்லாதிருப்பதும் உண்டு. எவரும் நடவாத பாதையை முதலில் முள் மூடும். பின்பு வரப்பு மூடும். முடிவில் அங்கே ஒரு சுவரே எழுந்துவிடும். வழி பிறர் நிலத்தின் ஊடே சென்றால் அவர் இசைவைப் பெறவேண்டும். பயிருள்ள வயலில் வரிசையாக வரப்பின்மேல் மட்டுமே செல்லவேண்டும்.

தனியொருவர் ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் நடக்கலாம். நின்று நின்று பார்க்கும் கூட்டமோ இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டருக்கு மேல் செல்லாது. எனவே வழியை அதற்கேற்பச் சுருக்கிக்கொள்ளவேண்டும். முன்னே வழிகாட்டி ஒருவரும், கடைசியில் பொறுப்புள்ள ஒருவரும் நடக்கவேண்டும். கடைசியில் நடப்பவரே முக்கியமானவர். களைத்தவரையும் வழி தவறியவரையும் காண்பவர் அவர்தாம். கூட்டத்தின் வேகம் அதில் மெல்ல நடப்பவரின் வேகமே என்று முன்னரே எல்லாரும் ஒப்புக்கொண்டால் மனத்தாங்கல் நேராது. குடிநீர், தொப்பி, காலுக்குப் பழகிய செருப்பு, குறிப்பேடு ஆகியவை போதும். ஒலிபெருக்கி வேண்டா.

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் இந்நடைக்கு ஏற்ற வழிகள் பல. செம்மண்டலத்தில் தொடங்கிக் குண்டு சாலை வழியாகக் கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் வழியை முதலில் கூறலாம். குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்னும் பெயர்களைக் கேட்போர் வியப்படைவர். 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைவரை உள்ள நிலமும் அவர்க்கே உரியது என்பது உடன்படிக்கை. அவ்வாறே நாற்புறமும் குண்டு சுடப்பட்டது. அவ்வெல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. வயலில் உழுதுகொண்டிருந்தவன், மாலையில் வீடு திரும்புமுன் வேறோர் அரசின் குடியாகிவிட்டான்! செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அக்கோட்டையை 1758இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். இன்று சிதைவுகளே எஞ்சியுள்ளன.

மற்றொரு வழி கெடிலக் கரையை ஒட்டி மேற்கே திருவந்திபுரம் செல்வது. அங்குதான் ஆறு வடக்கு நோக்கித் திரும்புகிறது. தேவநாதப் பெருமாள் கோயிலுக்கு எதிரே உள்ள குன்றில் 74 படிகள் ஏறினால் அயக்கிரீவர் திருமுன்னை அடையலாம். வைணவ ஆசாரியராகிய வேதாந்த தேசிகர் வாழ்ந்த ஊர் இது. திரும்பும்போது கேப்பர் மலையின் செம்மண் மேட்டைப் பார்த்து வரலாம். மலை என்று பெயர் பெற்றிருந்தும் அது மேட்டுநிலமே. நிலநூலார் கடலூர் மணற்கல் என்று பெயரிட்டு வழங்கும் பாறையடுக்கு இப்பகுதிக்கு உரியது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் இக்கரையில் வீசியபோது முந்திரி, பலாத் தோப்புகள் பெரும்பாலும் சாய்ந்தன. அவ்வாண்டுக்குப் பின் நட்ட மரம் எது, புயலுக்குத் தப்பிய பழமரம் எது என்பதை அடிமரத்தின் பருமனைக் கொண்டே அறியலாம். மாணவர் இதனை எண்ணிப் பார்த்துக் குறித்துவருவது நல்ல பயிற்சி.

சிதம்பரத்தார் பிச்சாவரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, உப்பங்கழிகளில் வளர்ந்த அலையாத்திக் காடு அது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்காட்டின் பின்னே இருந்த ஊர்களில் அலையின் வேகம் தணிந்து, அழிவு குறைந்தது. காட்டின் உள்ளே படகில்தான் செல்லவேண்டும். நடை கரையோடு நின்றுவிடும். ஆயினும் கரையில் நின்றே பலவற்றைக் காணலாம். சேற்றிலிருந்து மேல்நோக்கி எழுந்து மூச்சுவிடும் வேர்கள் ஒருபுறம். கிளையிலிருந்து ஊன்றுகோல்போல் இறங்கும் வேர்கள் மற்றொருபுறம். மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, அம்புபோல் நீண்டு தொங்கும் சுரபுன்னைக் காயையும் காணலாம்.

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லைமரமும் அங்கு உண்டு. ஊரில் அம்மரக்காடு மறைந்துவிட்டது. மரத்தைக் காண விரும்புவோர் இந்தக் கழிக்கரைக்கே வரவேண்டும். பழுத்த இலைகள் செந்நிறமாக இருக்கும். இலையைக் கிள்ளினால் வெண்பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையக்கூடும். ஆதலால் வழிகாட்டுவோர் சிறுவரை இரண்டடி தள்ளி நிறுத்தியே மரத்தைக் காட்டுதல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் மழைக்காலம். தை பிறந்தபின் செல்வது நன்று. அப்போது வெளிநாட்டுப் பறவைகளும் கழியில் தங்கியிருக்கும். சிதம்பரத்திலிருந்து பேருந்தில் வந்து கிள்ளையில் இறங்கி அங்கிருந்து நடக்கத் தொடங்கினால், வெயில் ஏறுமுன் படகுத்துறையை அடைந்துவிடலாம்.