புரட்டாசி மழையும் சோளப்பட்சியும்

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது, அதே தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடத்துக்கு வெறும் காற்றுதான். இந்தக் கரிசல் காடுகளுக்கு மழை என்றால் புரட்டாசி, ஐப்பசி மழை.

அன்றெல்லாம் புரட்டாசிக் கடைசியில் ஓர் உழவு மழை பெய்துவிடும். மறுநாள் காலை ஈரக் கரிசலில் பட்டுத்துணியைக் கத்தரித்துப் போட்டதுபோல் செக்கச்செவேலென்று தம்பலப்பூச்சிகள் ஊரும். சாயங்காலம் விளக்கைச் சுற்றி ஈசல். கருங்கண்ணிப் பருத்தியும் சோளமும் கம்பும் விதைப்பார்கள். மார்கழி, தையில் கதிர் முற்றும்போது மத்திய ஆசியாவிலிருந்து வந்த சோளப்பட்சிகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். கதிரைத் தின்பதால் கவண்கல்லால் விரட்டுவார்கள். ஆனால் வெட்டுக்கிளியையும் புழுவையும் தின்று தீர்த்ததும் அவைதாம்.

ஈசலுக்கும் விதைப்புக்கும் நாள் குறிப்பது மழை. புழுவின் வளர்ச்சிக்கு வெப்பம். வலசைப் பறவைக்குப் பெரும்பாலும் பகல்பொழுதின் நீளம். பூமி எவ்வளவு சூடானாலும் அது மாறாது. சிக்கலே இங்குதான்.

இன்று புரட்டாசி காய்ந்து போனால் விதைப்பு தள்ளுகிறது, கதிரும் தள்ளுகிறது. பறவை தன் நாளில் வந்து தன் நாளில் போய்விடும். மறுபக்கம், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்காசி முதல் தூத்துக்குடி வரை கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கரிசலில் உளுந்தும் பாசியும் மூழ்கின. 2024 மே 17 அன்று, சாரல் தொடங்கும் முன்பே, பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது.

எல்லாப் பழியும் வெப்பத்தின் மேல் இல்லை. சோளம் நின்ற காடுகளில் மக்காச்சோளம் வந்தது. 2018இல் அதன் பின்னே படைப்புழுவும் வந்தது. குளிரில் இரண்டு மூன்று மாதம் இழுக்கும் அதன் வாழ்க்கைச் சுற்று, நம் வெயிலில் ஒரு மாதத்தில் முடிகிறது. விதைப்பு ஆளுக்கொரு நாளாகச் சிதறினால், ஏதோ ஒரு காட்டில் எப்போதும் அதற்கு இளங்குருத்து கிடைக்கும்.

பூச்சியின் நாளும் பறவையின் நாளும் பிசகினால் எதில் முடியும் என்பதற்கு நெதர்லாந்து சாட்சி. அங்கே கம்பளிப்புழுக்கள் முந்திக்கொண்டன. அவற்றைக் குஞ்சுகளுக்கு ஊட்ட ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஈப்பிடிப்பான் குருவியால் அந்த அளவுக்கு முந்த முடியவில்லை. புழு மிகவும் முந்திய காடுகளில் அந்தக் குருவி சுமார் 90 சதவீதம் குறைந்ததாக 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

நம்மிடம் மழைக்குக் கணக்கு இருக்கிறது. ஈசலுக்கும் வேப்பம்பூவுக்கும் இல்லை. 'சீசன்வாட்ச்' திட்டத்தில் யாரும் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒருமுறை அதன் தளிர், பூ, காய் பார்த்துப் பதியலாம். திருவேங்கடம் வட்டாரப் பள்ளி ஆசிரியர்களே, உங்கள் வளாகத்து வேம்பை இந்த ஆண்டே பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். முதல் ஈசல் பறந்த தேதியையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.