வைகையின் வண்டலும் தனுஷ்கோடியின் மணலும்

வெள்ளம் வடியும்போது விட்டுச்செல்லும் மண்ணை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கும் எக்காலத்தில் படிந்தது, அதைக் கொண்டுவந்த நீர் எவ்வளவு விசையோடு ஓடியது என்று கணிப்பதைத் தொல்வெள்ள ஆய்வு என்பர். விரைந்து ஓடும் நீர் பருமணலையும் சரளையையும் புரட்டிச் செல்லும். வேகம் தணியத் தணிய நுண்மணலும், தேங்கி நின்றபின் வண்டலும் களியும் படியும். அதனால் கரையை வெட்டிப் பார்க்கும்போது கீழே பருமனாகவும் மேலே மென்மையாகவும் அமைந்த ஓர் அடுக்கு, பெரும்பாலும் ஒரே வெள்ளத்தின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டுகிறது.

நர்மதை போன்ற ஆறுகள் பாறைப் பள்ளத்தாக்குகளுக்குள் ஓடுமிடங்களில், வெள்ளநீர் ஒதுங்கித் தேங்கும் கிளையாற்று முகங்களில் படிந்த வண்டலின் உயரமே பழைய நீர்மட்டத்துக்குச் சான்றாகிறது. பாறைக்கரை மாறாதிருப்பதால் அந்த உயரத்திலிருந்து வெள்ளத்தின் அளவையும் கணக்கிட முடிகிறது. வருசநாட்டு மலைகளில் தோன்றி, மதுரையையும் சிவகங்கைச் சீமையையும் கடந்து, கண்மாய்களுக்குப் போக எஞ்சிய நீரோடு ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் நீரிணையில் சேரும் வைகையின் கீழ்ப்பகுதிக்கு இந்த வசதி இல்லை. சமவெளியில் அது கரை புரண்டு பரவுவதோடு, காலப்போக்கில் தடத்தையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. எனவே இங்கே வெள்ளத்தின் அளவைவிட அதன் காலத்தையே நம்பிக்கையோடு கூற முடியும்.

அதற்கு வைகைப் படுகையின் தொல்குடியிருப்பான கீழடி சான்று. அங்குள்ள செங்கல் கட்டுமானங்களை மூடியிருந்த படிவுகளை அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூட அறிஞர்களும் தமிழ்நாடு தொல்லியல் துறையினரும் ஆராய்ந்து, ஏறத்தாழ 1,150 ஆண்டுகளுக்கு முன் வைகையின் பெருவெள்ளம் அவற்றைப் புதைத்தது என்று 2025இல் தெரிவித்தனர். இது குடியிருப்பு மூடப்பட்ட காலமேயன்றி அது தோன்றிய காலம் அன்று; இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு கீழடியின் தொன்மையே குறைந்துவிட்டதாகக் கருதுவது தவறு.

இக்கணிப்புக்குப் பயன்பட்ட முறை ஒளித்தூண்டல் காலக்கணிப்பு. மண்ணுக்குள் புதைந்த குவார்ட்ஸ் மணல்துகள், சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிரியக்கத்தால் சிறிதுசிறிதாக ஆற்றலைச் சேர்த்துவைக்கிறது. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். ஒளி புகாத குழாயை வெட்டுமுகத்தில் அடித்து இறக்கி மண்ணை எடுத்து, வெளிச்சம் பட்டிருக்கக்கூடிய இரு முனைகளையும் ஒதுக்கிவிட்டு, மங்கிய சிவப்பு விளக்கின்கீழ் நடுப்பகுதியை மட்டும் பிரித்து, துகள்கள்மீது ஒளியைப் பாய்ச்சும்போது அவை உமிழும் ஒளியை அளந்தால், அவை கடைசியாக வெயிலைக் கண்டு எத்தனை ஆண்டுகளாயின என்று கணக்கிடலாம்.

வைகை கடலில் சேருமிடத்துக்குக் கிழக்கே, இராமேசுவரம் தீவின் முனையில் கிடக்கும் தனுஷ்கோடியில் ஆறு இல்லை. ஆனால் இதே ஆய்வுக்கு அதைப்போல் உதவக்கூடிய இடம் தமிழகக் கடற்கரையில் அரிது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு கரையேறிய புயல், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கடலுக்குள் இழுத்து, ஊரையே அழித்தது. நாள், ஏறக்குறைய நேரம், அலைகள் சென்ற எல்லை ஆகியவை பதிவான அந்தப் பேரழிவு விட்டுச்சென்ற மணல் அடுக்கு, நாள் தெரியாத பழைய அடுக்குகளை ஒப்பிட்டு அறிவதற்கான அளவுகோலாகும். வெள்ளம் இரவில் வந்ததால் ஆழத்திலிருந்து கிளம்பிய மணல் வெயில் காணாமலே மீண்டும் புதைந்திருக்கலாம்; அவ்வாறாயின் கணிப்பு உண்மைக்கு மேற்பட்ட வயதைக் காட்டும். பிழை எவ்வளவு என்பதை, நாள் தெரிந்த 1964 அடுக்கிலேயே சோதித்து அறிய முடியும்.

அந்த அடுக்கைக் கடலோர மணலில் தேடுவதில் பயனில்லை. மணல்மீது மணல் படிந்தால் எல்லை புலப்படாது. போதாக்குறைக்கு அங்கே காற்றும் ஓயாது மணலைக் கிளறுகிறது. மணல்மேட்டுக்குப் பின்னால் உப்புநீர் தேங்கும் தாழ்வான சேற்றுப்பரப்பில்தான், கருங்களியின் நடுவே வெளிர்மணல் பட்டையாக அது தனித்து நிற்கும். நிலப்பக்கம் செல்லச் செல்ல மெலியும். அதில் உடைந்த சிப்பிகளும், ஃபொராமினிஃபெரா எனப்படும் ஒருசெல் கடலுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகளும் கலந்திருக்கும். ஆழ்பகுதியில் வாழும் வகைகள் சேற்றில் கிடைத்தால் மணலைக் கொண்டுவந்தது கடல்தான் என்பது உறுதிப்படும். புயலா சுனாமியா என்பதைப் பிரித்தறிவது மட்டும் இன்றும் கடினம். காவிரிப்பூம்பட்டினத்தில் சோழர் காலத்ததாகக் கண்டறியப்பட்ட ஒரு மணலடுக்கைச் சுனாமியின் தடமாக ஆய்வாளர்கள் 2011இல் விளக்கினர். அத்தகைய விளக்கங்களைச் சரிபார்க்க, ஐயத்துக்கிடமின்றிப் புயலால் படிந்த தனுஷ்கோடி அடுக்கு பெரிதும் துணைசெய்யும்.

தனுஷ்கோடிக்குச் செல்வோர் இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பார்த்துத் திரும்புகின்றனர்; அவற்றைப் போன்றே பேணத்தக்க இந்தச் சேற்றுப்பரப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதன்மேல் வண்டிகள் ஓடினாலோ மண் கொட்டி மேடாக்கினாலோ அடுக்குகள் கலைந்துவிடும். வைகைப் பாசனக் கண்மாய்களில் அடுக்கடுக்காகப் படிந்த வண்டலுக்கும் இது பொருந்தும். கண்மாய்களைத் தூர்வாருவது உழவுக்குத் தேவை, தடுக்கக்கூடாது. ஆனால் தூர்வாரும் முன் ஒரு கண்மாயில் ஓரிரு இடங்களிலேனும் குழாய் இறக்கி, வண்டலைக் கலையாமல் எடுத்துப் பாதுகாக்க ஒருநாள் வேலையே போதும்.